இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்கள், குமரி மாவட்டத்தில் தங்கள் அடையாளத்தை இழந்துவிட்டார்களா?

நான் கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவன். என் தாத்தாவும் அப்பாயியும் இலங்கையின் அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர்கள். 'இழந்துவிட்டார்களா' என்ற சொல்லோடுதான் எனக்கு முதல் கருத்து வேறுபாடு. 'சிலோன்காரர்' என்ற எங்கள் அடையாளம் தலைமன்னாரில் எங்களோடு கப்பலேறி வந்ததன்று. அது இந்த மாவட்டத்தில்தான் உருவானது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், மலையகம் எனப்படும் மலைநாட்டிலிருந்த இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும். 1974இல் மேலும் 75,000 பேர் இந்தக் கணக்கில் சேர்ந்தனர். மண்டபம் முகாமைக் கடந்து வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் குமரியின் அரசு ரப்பர் தோட்டங்களில் வேலை கிடைத்தது. வனத்துறையின் கையிலிருந்த அத்தோட்டங்கள் 1984இல் அரசு ரப்பர் கழகத்தின் கீழ் வந்தன. 1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்து முகாம்களில் வாழ்பவர்களோடு எங்களைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்; நாங்கள் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்த குடிமக்கள்.

அங்கே இருந்தவரை தாத்தாவைப் பொறுத்தவரை அவர் ஒரு தோட்டத்தின் ஆள், ஒரு சாதியின் ஆள், புதுக்கோட்டைச் சீமையில் தாம் பார்த்தே இராத ஓர் ஊரின் ஆள். அட்டன்காரரும் பதுளைக்காரரும் ஒரே இனம் என்ற நினைப்பு அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. இங்கு வந்த பின்னர் உள்ளூர்க்காரர்களுக்கு எல்லோரும் ஒன்றுபோலத் தெரிந்ததால், எல்லோரும் ஒன்றாகவே ஆனார்கள். எங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களும், திருவிதாங்கூரில் மொழிச் சிறுபான்மையாக இருந்து, போராடி 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்தவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கிறது.

உண்மையில் மறைந்தவற்றுள் பெரியது பாட்டு. அதற்குக் காரணம் வெட்கமோ மறதியோ அன்று, வேலையின் தன்மை என்றே நினைக்கிறேன். கொழுந்து பறிப்பது, பெண்கள் நிரை பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் நின்று செய்யும் வேலை. ஒருத்தி எடுத்துக் கொடுத்தால் மலைச்சரிவே பாடும் என்பார் அப்பாயி. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது அப்படியன்று. வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைந்துவிடும் என்பதால், விடியுமுன்னரே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, தமக்கென ஒதுக்கிய முந்நூறு மரங்களுக்கு மேல் ஒவ்வொன்றாகத் தனியே வெட்டிச் செல்ல வேண்டும். சிரட்டையில் சொட்டும் பாலுக்கு யாரும் பாடமாட்டார்கள்.

மன்மதன் கதையை ஆடும் மாசி மாதக் காமன் கூத்தும் எங்கள் குடியிருப்பில் சில ஆண்டுகள் நடந்து நின்றுபோனது. ஆனால் அந்த இடம் வெறுமையாக இல்லை. எங்கள் மாரியம்மனுக்கு இப்போது குமரி வழக்கப்படி 'கொடை' என்னும் கோயில் விழா நடக்கிறது, வில்லுப்பாட்டுக்காரர்கள் வருகிறார்கள். இதை நான் இழப்புக் கணக்கில் எழுதமாட்டேன். லயம் (தோட்டத்து வரிசை வீடு), பெரட்டுக்களம் (காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம்), காம்பரா (அறை) என்ற சொற்கள் என் அப்பா தலைமுறையோடு முடிந்துவிடும். கடையில் மரச்சீனி என்று கேட்டு வாங்குபவற்றை வீட்டுக்குள் மரவள்ளி என்றே சொல்லும் வழக்கம் மட்டும் என்னிடமும் நிற்கிறது. காலையில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் இருந்தால் விருந்தினர் யார் வீட்டுக்கு வந்திருக்கிறார் என்பது அவருக்கே விளங்கிவிடும்.

சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகும்போதுதான் பழைய அடையாளம் முழுமையாக உயிர்பெறும். தாத்தாவின் ஊர் எது என்பதற்குச் சான்று கேட்பார்கள். அந்தக் காகிதத்துக்காகவே கண்டியில் கொடுத்த குடும்ப அட்டையை இன்னும் நெகிழித்தாளில் சுற்றி வைத்திருக்கிறோம்.

'மலையகத் தமிழர்' என்ற பெயர் எங்கள் இளைஞர்களிடம் அண்மையில்தான் புழங்கத் தொடங்கியது. 2023இல், மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த பயணத்தை என் தம்பி கைப்பேசியில் அப்பாயிக்குக் காட்டி, "இவங்க எல்லாம் நம்ம ஆளுங்க அப்பாயி" என்றான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிறிது நேரம் பார்த்த அவர், "எந்தத் தோட்டம்? மேப்பிரிவா, கீழ்ப்பிரிவா?" என்று கேட்டார்.