வலிப்பு மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து தம்பி எரிந்து எரிந்து விழுகிறான். இது நோயா, மருந்தா, குணமா?

லெவெடிரேசிட்டம் என்ற வலிப்பு மாத்திரை ஆரம்பித்தபின் தம்பிக்கு வலிப்பு நின்றுவிட்டது, ஆனால் ஆளே மாறிவிட்டான், தொட்டதற்கெல்லாம் கோபப்படுகிறான், இல்லையென்றால் அறைக்குள் போய் முடங்கிக்கொள்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். குணம் மாறிவிட்டது என்ற முடிவுக்கு மட்டும் இப்போதே போய்விடாதீர்கள். எனக்கும் பள்ளி வயதிலிருந்தே வலிப்பு உண்டு. அந்த மாத்திரையும் சாப்பிட்டிருக்கிறேன்.

அது நல்ல மருந்துதான். பலருக்கு வலிப்பைச் சட்டென்று கட்டுக்குள் கொண்டுவரும். ஆனால் எரிச்சலும் கோபமும் அதற்குரிய, நன்கு தெரிந்த பக்கவிளைவுகள். பெரியவர்களிடம் நடந்த சோதனைகளில் இதை எடுத்தவர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு இப்படிப்பட்ட நடத்தை மாற்றம் வந்தது. மருந்தில்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் 6 சதவீதம் பேருக்கு வந்தது. குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம்.

அந்தக் கோபத்தை வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். பக்கத்து அறையில் யாரோ டம்ளரில் ஸ்பூனை விட்டுக் கலக்குவார்கள். அந்தச் சத்தம் போதும். தாடை இறுகும், காது மடல் சூடாகும், எழுந்துபோய்க் கத்தினால்தான் அடங்கும் என்று உடம்பே சொல்லும். கத்தி முடித்தபின் காரணத்தைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. எதிரில் நிற்பவரின் முகம்தான் தெரியும். எனக்கு டாக்டர் மருந்தை மெதுவாக மாற்றிக் கொடுத்த பிறகு இது போய்விட்டது. அதனால்தான் உங்களிடம் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

எல்லா வலிப்பு மருந்தும் இப்படி இல்லை. பெராம்பனல் என்ற மருந்தும் கோபத்தையும் வன்மத்தையும் தூண்டக்கூடும். பழைய மருந்தான பினோபார்பிடோன் மனதை மந்தமாக்கிச் சோர்வில் தள்ளலாம். குழந்தைகளில் சிலரை அதுவே துறுதுறுவென்று ஆக்கிவிடும். டோபிரமேட் எடுக்கிறவர்களில் சிலருக்கு பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை நாக்கில் நின்றுவிடும். வால்ப்ரோயேட்டில் சிலருக்கு உடல் எடை ஏறும், முடி கொட்டும், கை நடுங்கும். கண்ணாடி முன்னால் நிற்கப் பிடிக்காமல் போவதும் மனநிலைப் பிரச்சினைதானே? இன்னொரு பக்கம், லாமோட்ரிஜினும் வால்ப்ரோயேட்டும் இருதுருவ மனநோய்க்கே (மனம் அதீத உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறி மாறிப் போகும் நோய்) மருந்தாகக் கொடுக்கப்படுகின்றன. ஆகவே மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது மனதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. டாக்டரிடம் சொன்னால்தான் அவர் அதைப் பார்க்க முடியும்.

எல்லாப் பழியையும் மாத்திரையின் மேல் போடவும் முடியாது. சிலருக்கு வலிப்பு வருவதற்குச் சில மணி நேரம் முன்பே, சில சமயம் முந்தைய நாளே, காரணமில்லாத சிடுசிடுப்பு வரும். நெற்றியின் பக்கவாட்டில், காதுக்கு அருகே உள்ளே இருக்கும் மூளைப் பகுதியில் ஆரம்பிக்கும் வலிப்பு, வெறும் பயமாகவே வெளிப்படலாம்: திடீரென்று அடிவயிற்றிலிருந்து ஏறும் பயம், ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். வலிப்பு வந்த மறுநாள் எனக்குக் கடிபட்ட நாக்கு எரியும், தோள் வலிக்கும், யாராவது அன்பாக ஒரு வார்த்தை பேசினால் அழுகை வந்துவிடும். அது ஓரிரு நாளில் தானாக விலகும். இவையெல்லாம் இல்லாத நாட்களிலும் மனச்சோர்வு இருக்கலாம். வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது உண்டு. சிலருக்கு முதல் வலிப்புக்கு முன்பே மனச்சோர்வு வந்துவிடுகிறது. வலிப்பு வந்த கவலையால் மட்டும் வருவதல்ல இது, இரண்டுக்கும் மூளையிலேயே தொடர்பு இருக்கிறது.

வாழ்க்கைத் தரம் என்று கேட்டிருந்தீர்கள். மருத்துவமனையில் ‘கடைசியாக வலிப்பு எப்போது வந்தது’ என்று கேட்பார்கள். வரவில்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொள்வார்கள். ஆனால் அன்றாட வாழ்க்கை வேறு மாதிரி: குளிக்கும்போது தாழ்ப்பாள் போடக் கூடாது, தனியாக நீந்தக் கூடாது, வண்டி ஓட்ட முடியாது, ராத்திரி கண் விழிக்கக் கூடாது. ஒவ்வொன்றும் நியாயமான எச்சரிக்கை. வளர்ந்த ஒருவன் தினமும் அதற்குள் வாழவேண்டியிருக்கிறது. அதோடு, கை தவறி ஒரு தட்டு விழுந்தாலும் வீடே ஓடிவந்து முகத்தைப் பார்க்கும். அந்தப் பார்வையின் அன்பு எனக்குத் தெரியும். ஆனாலும் அது மூச்சு முட்டும். உங்கள் தம்பி அறைக்குள் போவதில் கொஞ்சம் இதுவும் இருக்கலாம்.

சரி, என்ன செய்யலாம்? மாத்திரையைத் திடீரென்று நிறுத்த மட்டும் விடாதீர்கள். அப்படி நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வரலாம், நிற்காமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: மருந்து எப்போது ஆரம்பித்தது, அளவு எப்போது கூடியது, கோபம் எந்த நாட்களில், எவ்வளவு நேரம், தூக்கம் எப்படி. மருந்தோ அளவோ மாறிய சில வாரங்களுக்குள் கோபம் தொடங்கியிருந்தால் அந்த நோட்டே சொல்லிவிடும். அதை வைத்து டாக்டர் அளவைக் குறைக்கலாம், மெல்ல வேறு மருந்துக்கு மாற்றலாம். லெவெடிரேசிட்டத்தோடு சிலர் வைட்டமின் பி6 சேர்த்தும் பார்க்கிறார்கள், அதற்கான ஆதாரம் அவ்வளவு வலுவானதில்லை. மனச்சோர்வுதான் என்றால் அதற்கும் சிகிச்சை உண்டு. வலிப்பு உள்ளவர்கள் மனச்சோர்வு மாத்திரை எடுக்கவே கூடாது என்று பலர் பயமுறுத்துவார்கள். செர்ட்ராலின் போன்றவை வழக்கமான அளவில் பெரும்பாலும் பாதுகாப்பானவை. புப்ரோபியான் போன்ற சிலதைத்தான் தவிர்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். 2008-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 11 வலிப்பு மருந்துகளின் 199 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. மருந்து எடுத்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 4 பேரிடமும், போலி மாத்திரை எடுத்தவர்களில் ஏறக்குறைய 2 பேரிடமும் தற்கொலை எண்ணமோ முயற்சியோ தெரிந்தது. அரிதுதான். ஆனாலும் வாழப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி அவன் ஒரு வார்த்தை சொன்னாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

கோபத்தில் இருக்கும்போது இதையெல்லாம் அவனிடம் பேசாதீர்கள். அமைதியாக இருக்கும் ஒரு நேரத்தில், ‘இது மாத்திரையாலும் வருமாம், டாக்டரிடம் கேட்போமா’ என்று ஆரம்பியுங்கள். அவன் சம்மதித்தால் நீங்களும் கூடவே உள்ளே போங்கள், நோட்டையும் எடுத்துப் போங்கள். ஏனென்றால் எப்படி இருக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டால், எங்களில் பெரும்பாலோர் ‘பரவாயில்லை’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவோம்.