அந்த மாமனாருக்காகவே பார்க்கலாம்

"விமானத்தை வைத்து எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம், இன்றைக்கும் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் 'தி சவுண்ட் பேரியர்'. 1952-இல் டேவிட் லீன் இயக்கிய பிரிட்டிஷ் படம். கதையை உடைத்துத்தான் சொல்லப்போகிறேன்; பிடிக்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நான் விமானப் பைத்தியம். ஸ்பிட்ஃபயர், வேம்பயர் போர் விமானங்கள் எல்லாம் நிஜமாகவே பறக்கின்றன என்பதற்காகத்தான் பார்க்க உட்கார்ந்தேன். முடியும்போது மனசில் நின்றது விமானம் இல்லை, ஒரு கிழவர்.

ரிட்ஜ்ஃபீல்ட் ஒரு விமானக் கம்பெனி முதலாளி. ரால்ஃப் ரிச்சர்ட்சன் நடித்திருக்கிறார். ஒலியின் வேகத்தைத் தாண்டும் விமானத்தைச் செய்தே தீருவேன் என்று நிற்கிறவர். மகனுக்குப் பறப்பதென்றால் பயம். அப்பாவின் முகத்துக்காகப் பயிற்சிக்குப் போய், முதன்முதலாகத் தனியே பறக்கும் அன்றே விழுந்து சாகிறான். அப்புறம் மருமகன் டோனி. மாமனாரின் விமானத்திலேயே, அந்த வேகத்தைத் தொடப் போய் அவனும் போய்ச் சேருகிறான். இதெல்லாம் எதற்கு என்று மகள் சூசன் கேட்கும்போது அந்த மனிதரிடம் உருப்படியான பதில் இல்லை. ஆனாலும் நிறுத்தமாட்டார். அவரை வில்லன் என்றும் தள்ள முடியவில்லை, பாவம் என்றும் விட முடியவில்லை.

இது வெறும் சினிமாக் கற்பனை என்றும் சொல்லிவிட முடியாது. விமானக் கம்பெனி நடத்திய ஜெஃப்ரி டி ஹாவிலண்ட் தன் மகன்கள் இருவரை விமான விபத்துகளிலேயே பறிகொடுத்தவர். 1943-இல் ஒருவர். 1946 செப்டம்பரில், தந்தையின் பெயரையே கொண்ட இன்னொருவர்; டி.எச். 108 விமானத்தை அதிவேகத்தில் சோதித்தபோது அது தேம்ஸ் கழிமுகத்தின் மேல் உடைந்து சிதறியது.

சரி, தப்பையும் சொல்லிவிடுகிறேன். படத்தின் உச்சக்கட்டத்தில் பிலிப் என்ற விமானி, தலைகுப்புறப் பாயும் விமானத்தை நிமிர்த்த மூக்கை ஏற்றி இறக்க விமானி பிடிக்கும் ஸ்டிக்கை வழக்கம்போல் இழுக்காமல் முன்னால் தள்ளுகிறான், விமானம் நிமிர்ந்துவிடுகிறது. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கையின் மேல் அதிர்வலைகள் உருவாகி, மூக்கு கீழே இழுக்கும், வால் பகுதியின் கட்டுப்பாடு வேலை செய்யாமல் போகும் என்பது உண்மை. ஆனால் ஸ்டிக்கைத் தலைகீழாக இயக்கினால் பிழைக்கலாம் என்பது சுத்தக் கதை. அமெரிக்கரான சக் யீகர் 1947 அக்டோபர் 14 அன்று பெல் எக்ஸ்-1 விமானத்தில் ஒலியை முந்தியபோது கைகொடுத்தது, வாலின் கிடைமட்டப் பகுதி முழுவதையுமே அசைக்கும் ஏற்பாடு. யீகர் என்று ஒருவர் இருந்ததாகவே படம் காட்டிக்கொள்ளவில்லை. பிரிட்டிஷ் ரோஷம்!

இன்னொரு காட்சி. சூசனும் டோனியும் வேம்பயரில் கெய்ரோ போய்விட்டு, திரும்பும்போது காமெட் என்ற ஜெட் பயணிகள் விமானத்தில் பயணிகளாக உட்கார்ந்து வருகிறார்கள். அந்த 1952 மே மாதம்தான் காமெட் பயணிகளை ஏற்றிப் பறக்க ஆரம்பித்திருந்தது. இரண்டே வருடத்தில் காமெட்கள் நடுவானில் உடைந்தது நமக்குத் தெரியும். அதனாலேயே அவர்கள் சிரித்துக்கொண்டு வரும்போது நமக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஒலிக்காக ஆஸ்கர் வாங்கிய படம், அதனால் லேப்டாப் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். ஜெட்டின் கூவல் ஏறி ஏறிப் போவதும், பிறகு ஒன்றுமே கேட்காமல் போவதும் அதில்தான் தெரியும்.

கடைசியில் ஜெயித்த பிலிப் கூட்டத்தில் நின்று கை ஆட்டுவதில்லை. வீட்டுக்கு வருகிறான். மனைவி முன்னால் உட்கார்ந்து அழுகிறான்.