ஆட்டிசம் உள்ள 15 வயது மகனைத் தன் காலில் நிற்க எப்படித் தயார் செய்வது?

"குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் தெரியும், ஆனால் நாங்கள் சொன்னால்தான் செய்கிறான்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேலை தெரியாதது இங்கே சிக்கல் இல்லை. உங்கள் குரலே அவனுக்கு ஒவ்வொரு வேலையின் முதல் படியாகிவிட்டது. அதை விலக்குவதுதான் அடுத்த சில ஆண்டுகளின் பெரிய வேலை.

திடீரென்று நிறுத்தினால் எல்லாம் நின்றுபோகும். குரல் இருந்த இடத்தில் அலாரமும், படமோ எழுத்தோ உள்ள பட்டியலும் வரட்டும். பட்டியலை அவன் வாழ்நாள் முழுக்க வைத்துக்கொண்டாலும் தவறில்லை, நீங்கள் அருகில் இல்லாதபோதும் அது இருக்கும்.

ஒரு சமயத்தில் ஒரே வேலையை எடுங்கள். துணி துவைப்பது என்றால், முதலில் நீங்கள் செய்துகொண்டே ஒவ்வொரு அசைவையும் எழுதுங்கள்: பைகளைத் துழாவிப் பார்ப்பது, துணியை மெஷினில் போடுவது, மூடியில் உள்ள கோடு வரை சோப்புத் திரவம் ஊற்றுவது என்று பத்துப் பதினைந்து படிகள் வரும். 'கொஞ்சம் சோப்பு' என்று எழுதினால் அங்கேயே மாட்டிக்கொள்வான். பலருக்குக் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கிக் கற்றுக்கொடுப்பது எளிது. மற்றதை நீங்கள் செய்து, கடைசியை மட்டும் அவனிடம் விடுங்கள். அது படிந்ததும் அதற்கு முந்தைய படி. இப்படிச் செய்தால் ஒவ்வொரு முறையும் வேலையை முடிப்பவன் அவனாகவே இருப்பான்.

நடுவில் நின்றுவிட்டால் பத்து விநாடி பொறுங்கள். பிறகும் நகராவிட்டால் பட்டியலை விரலால் காட்டுங்கள், பேச வேண்டாம். அதையே வேறு வார்த்தைகளில் திருப்பிச் சொன்னால் முதலிலிருந்து புரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

வீட்டு மெஷினில் படிந்தது வேறு மெஷினில் வராமல் போகலாம். அதனால் இரண்டு மூன்று இடங்களில் பழக்குங்கள். தடங்கலையும் பாடமாக்குங்கள். பஸ் தவறினால் என்ன செய்வது? 'அடுத்த பஸ்ஸுக்குக் காத்திரு, அரை மணியில் வராவிட்டால் இந்த எண்ணைக் கூப்பிடு' என்று ஓர் அட்டை சட்டைப் பையில் இருக்கட்டும். பணத்துக்கு, சிறு தொகை மட்டும் உள்ள தனிக் கணக்கு போதும்.

பலர் தள்ளிப்போடும் விஷயம் ஒன்று உண்டு. பெரியவர்கள் சொன்னதையெல்லாம் கேட்கப் பழகியவனை யாரும் எளிதில் ஏமாற்றலாம், தொடலாம். ஆகவே 'வேண்டாம்' என்று சொல்லவும் கற்றுக்கொடுங்கள். வீட்டில் அவன் அப்படிச் சொன்னால், ஆபத்தில்லாத விஷயங்களில் அது செல்லுபடியாக வேண்டும். இல்லாவிட்டால் வெளியில் அந்தச் சொல் அவன் வாயில் வராது.

உடல்நலத்தில், ஆட்டிசம் உள்ளவர்களுக்கு வலிப்பு நோய் பதின்ம வயதில் புதிதாகத் தொடங்கலாம். சில விநாடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் அசையாமல் இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். குளியலறைக்கு வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய தாழ்ப்பாள் போடுங்கள். பசி, தாகம், வலி ஆகியவற்றை உடல் சொல்வது சிலருக்குத் தெளிவாகத் தெரியாது. தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் அலாரம் வைக்கலாம். மருத்துவரிடம் கொடுக்க ஒரு பக்கத் தாள் எழுதி வையுங்கள்: வலியை எப்படிக் காட்டுவான், எந்தச் சத்தம் தாங்கமாட்டான், என்ன மருந்து சாப்பிடுகிறான். அதை அவனே நீட்டப் பழகட்டும்.

நன்றாகச் செய்துவந்ததை ஒருநாள் விட்டுவிட்டால், பேச்சும் குறைந்தால், அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். அளவுக்கு மீறிய களைப்பாக இருக்கலாம். தூக்கம், பல்வலி, வயிற்றுக் கோளாறு, பள்ளியில் ஏதாவது மாற்றம் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதுவரை புதிய வேலை எதையும் சேர்க்காமல், இருப்பதைப் பாதியாகக் குறையுங்கள்.