ஓவன்ல செய்யற வான்கோழி பர்கர் வறண்டு போகாம ஜூசியா வர என்ன பண்ணணும்?

கேள்வி கேட்டவங்க தர்மபுரியில இருக்காங்களாம், வீட்ல ஓடிஜி (கரண்ட்ல ஓடற சின்ன ஓவன்) இருக்கு, வான்கோழி கைமால பர்கர் எப்ப செஞ்சாலும் சக்கையா வறண்டு போகுது, வர்ற ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்ல ஆறு பேருக்கு செய்யணும், என்ன வழின்னு கேட்டிருக்காங்க. நான் கிருஷ்ணகிரி, எங்க வீட்லயும் இது அடிக்கடி செய்யறது தான், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

உங்க ஓவன் மேல தப்பில்லங்க. கறின்னா நல்லா வேகணும்ங்கற நம்ம பழக்கம் தான் காரணம். நாட்டுக்கோழியோ வெள்ளாட்டுக் கறியோ, குக்கர்ல நாலஞ்சு விசில் விட்டு அப்புறம் குழம்புலயும் கொதிக்க விட்டு சாப்பிட்டு வளந்தவங்க நாம, வெந்துச்சா வேகலையான்னு ஒரு சந்தேகம் வந்தா இன்னும் பத்து நிமிஷம் இருக்கட்டும்னு தான் மனசு சொல்லும். குழம்புக்கு அது சரி, சுத்தி தண்ணி இருக்கு, நார்லயும் தோல்லயும் இருக்கற பசை நேரம் ஆக ஆக கரைஞ்சு கறி மெத்துனு ஆயிடும். பர்கருக்கு சுத்தி இருக்கறது சூடான காத்து மட்டும் தான். கறி 65, 70 டிகிரி செல்சியஸ தாண்டும்போது நார் சுருங்கி உள்ள இருக்கற சாற வெளிய தள்ளும், 80, 85 வரைக்கும் போயிடுச்சுன்னா அந்த சாறு ட்ரேல தான் கிடக்கும், கறிக்குள்ள திரும்ப போகாது. அதனால ரெண்டே விஷயத்துல கவனம் வச்சா போதும்: கைமாக்குள்ள முதல்லயே கொழுப்பும் ஈரமும் சேத்துடணும், அப்புறம் 74 டிகிரி வந்ததும் வெளிய எடுத்துடணும். மத்ததெல்லாம் ருசிக்கு.

கறி வாங்கறதுல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா பாதி வேலை அங்கயே முடிஞ்சுடும். நெட்ல வர்ற ரெசிபி எல்லாம் பெரும்பாலும் அமெரிக்காக்காரங்க எழுதினது, அங்க சூப்பர் மார்க்கெட்லயே வான்கோழி கைமா பாக்கெட்ல கிடைக்கும், அதுல கொழுப்பு எத்தனை சதவீதம்னு மேலயே போட்டிருக்கும், 7 சதவீதம், 15 சதவீதம்னு பாத்து எடுத்துக்குவாங்க. நமக்கு முழுப் பறவை தான் கிடைக்குது. பண்ணையில வளக்கறவங்க கிட்ட சொல்லி வச்சு வாங்கலாம், இல்லன்னா போச்சம்பள்ளி ஞாயித்துக்கிழமை சந்தைக்கு நாட்டுக்கோழி கொண்டு வர்றவங்க கிட்ட விசாரிச்சா எந்த ஊர்ல யார் வான்கோழி வளக்கறாங்கன்னு சொல்லிடுவாங்க. சேவல் கேக்காதீங்க, பெட்டையா இளசா கேளுங்க, உயிரோட 4, 5 கிலோ இருக்கறது போதும். வயசான பெரிய சேவல் பாக்க கம்பீரமா இருக்கும், ஆனா நார் கெட்டி, அது குழம்புக்கும் பிரியாணிக்கும் தான் சரி.

கடையில தோல உரிக்க விடாதீங்க. இறகு பிடுங்கி மஞ்சள் தடவி வாட்டிக் கொடுக்க சொல்லுங்க, நாட்டுக்கோழிக்கு பண்ற மாதிரியே. வான்கோழியோட கொழுப்புல பெரும்பங்கு தோலுக்கு அடியில தான் இருக்கு, தோல உரிச்சு வீசினா உங்க பர்கரோட ஈரத்தையும் சேத்து வீசின கணக்கு. இன்னொண்ணு, அறுத்த உடனே அரைக்காதீங்க. நமக்கு காலையில அறுத்து மத்தியானம் சமைச்சா தான் பிரஷ்ஷுனு ஒரு எண்ணம், ஆனா அறுத்த கொஞ்ச நேரத்துல தசை எல்லாம் விறைச்சுக்கும், அந்த விறைப்புலயே சமைச்சா கறி ரப்பர் தான். ஒரு ராத்திரி பிரிட்ஜ்ல மூடி வச்சீங்கன்னா விறைப்பு விட்டுடும். ஞாயித்துக்கிழமை டின்னர்னா சனிக்கிழமை அறுக்கறது தான் கணக்கு.

நெஞ்சுக்கறி மட்டும் போட்டு செய்யறாங்க நிறைய பேரு, வெள்ளையா சுத்தமா இருக்குதேன்னு. அதுல கொழுப்பு ரொம்ப ரொம்ப கம்மி, வறண்டு போறதுல முதல் ஆளு அதான். தொடைக்கறி கறுப்பா இருக்கும், எப்பவும் நடக்கற காலு, அதுல கொழுப்பும் ருசியும் கூட. நான் தொடை ரெண்டு பங்கு நெஞ்சு ஒரு பங்கு போட்டு, அதோட ஒரு பெரிய கைப்பிடி தோலையும் பொடியா நறுக்கி சேத்துக்குவேன். எலும்பு இருக்குல்ல, கழுத்து, முதுகு, றெக்கை நுனி, அதை குப்பையில போடாதீங்க, சனிக்கிழமை ராத்திரியே இஞ்சி மிளகு தட்டிப் போட்டு கொஞ்சமா தண்ணி விட்டு நல்லா கொதிக்க வச்சு வடிகட்டி பிரிட்ஜ்ல வச்சிருங்க. காலையில பாத்தா மேல கொழுப்பு வெள்ளையா படிஞ்சு கீழ சூப்பு உறைஞ்சு தளதளன்னு நிக்கும். அந்த உறைஞ்ச சூப்பு தான் இந்த பர்கரோட உயிர், அதுக்கு அப்புறம் வர்றேன்.

அரைக்கறது. மட்டன் கடையில தெரிஞ்ச ஆள் இருந்தா கத்தியிலயே கொத்திக் கொடுப்பாரு, அது ரொம்ப நல்லா இருக்கும். இல்லன்னா மிக்ஸி போதும். கறிய கழுவறதா இருந்தா துண்டா இருக்கும்போதே கழுவி தண்ணி வடிய விட்டு சுத்தமான துணியில ஒத்தி எடுத்துடுங்க, கைமா ஆனப்புறம் கழுவவே கூடாது. துண்டெல்லாம் ஒரு தட்டுல பரப்பி பிரீசர்ல முக்கால் மணி நேரம் வைங்க, கல்லா ஆகக் கூடாது, விரல்ல அமுக்கினா வெளிய விறைப்பா உள்ள கொஞ்சம் கொடுக்கணும், அந்த பதம். அதை கொஞ்சம் கொஞ்சமா போட்டு விட்டு விட்டு சுத்துங்க. ஒரேயடியா ஓட விட்டா மிக்ஸி சூட்டுல கொழுப்பு உருகி மாவு மாதிரி ஆயிடும், அப்புறம் என்ன பண்ணினாலும் பர்கர் பதம் வராது.

இப்ப சேக்கறது. ஒரு கிலோ கைமாவுக்கு மூணு ஸ்லைஸ் பால் பிரெட், ஓரத்த எடுத்துட்டு பிச்சுப் போட்டு, அந்த உறைஞ்ச சூப்ப ஆறு டேபிள்ஸ்பூன் லேசா வெதுவெதுப்பாக்கி அதுல ஊத்தி, பத்து நிமிஷம் ஊறினதும் கூழா மசிச்சு நல்லா ஆற விட்டு சேருங்க. சூப்பு இல்லன்னா பால் ஊத்துங்க, அதுவும் நல்லாவே வரும். இந்த பிரெட் கூழு ரெண்டு வேலை பண்ணுது, தண்ணிய பிடிச்சு வச்சுக்குது, அதோட கறி நாரெல்லாம் ஒண்ணோடொண்ணு இறுகிப் பிடிக்காம நடுவுல புகுந்துக்குது. சூப்புல இருக்கற பசை பிரிட்ஜ் குளுர்ல உறைஞ்சிருந்தது ஓவன் சூட்டுல உருகுது, கடிக்கும்போது வாயில வர்ற அந்த வழவழப்பு அதனால தான். காஞ்ச பிரெட் தூள் போட்டா அது கறியில இருக்கற ஈரத்த உறிஞ்சும், அதனால ஊற வச்சது தான் வேணும். முட்டை தேவையே இல்லங்க, பிரெட்டே பிடிச்சுக்கும்.

சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி பொடியா நறுக்கி, பட்டன் காளான் ஒரு பாக்கெட்ல பாதிய அதே மாதிரி பொடியாக்கி, சூப்பு மேல படிஞ்ச கொழுப்புல ஒரு ஸ்பூன் விட்டு வதக்கி, முழுசா ஆற வச்சு சேருங்க, சூடா கொட்டினா கறியோட கொழுப்பு அங்கயே உருகிடும். மிளகுத் தூள், பச்சை மிளகாய் ரெண்டு, மல்லித்தழை. இஞ்சி பூண்டு விழுது ஒரு ஸ்பூன் போதும், ஆனா அதை கடைசியில போடுங்க, பச்சை இஞ்சியில கறிய இளக்கற என்சைம் இருக்கு, ராத்திரியே கலந்து வச்சா காலையில கைமா கொழகொழன்னு ஆயிடும். கறி மசாலா, கரம் மசாலாவெல்லாம் கொட்டி கோலா உருண்டை வாசனைக்கு கொண்டு போறவங்களும் இருக்காங்க, எனக்கு அது பிடிக்காது, வான்கோழிக்குன்னு ஒரு வாசம் இருக்கு, அது தெரியணும்.

உப்பு மட்டும் தட்டறதுக்கு சரியா முன்னாடி தான் போடணும். ஒரு கிலோவுக்கு ரெண்டு டீஸ்பூன் தூள் உப்பு. ரொம்ப நேரம் முன்னாடியே உப்பு போட்டு பிசைஞ்சா கறியில இருக்கற புரதம் கரைஞ்சு ஒட்டிக்கிட்டு, வெந்தப்புறம் சாசேஜ் மாதிரி துள்ளும், பர்கர் உதிரணும். சப்பாத்தி மாவு மாதிரி அடிச்சு பிசையற வேலையே வேணாம், விரல விரிச்சு அள்ளி அள்ளி புரட்டினா போதும், கலந்துச்சுன்னு தெரிஞ்சதும் கைய எடுத்துடணும்.

கையில எண்ணெய் தடவி 150 கிராம் அளவுக்கு எடுத்து தட்டுங்க, ஒரு கிலோ கைமால ஏழெட்டு வரும், ஆறு பேருக்கு தாராளம். 2 சென்டிமீட்டர் கனம் இருக்கணும், அதை விட மெல்லிசா தட்டினா வெளிய நிறம் வர்றதுக்குள்ள உள்ள காஞ்சிடும். அகலம் பன்ன விட ஒரு விரல் கூட இருக்கட்டும், வேகும்போது சுருங்கும். நடுவுல கட்டை விரலால ஒரு குழி அமுக்கி விடுங்க, ஓரம் முதல்ல சுருங்கி நடுவ மேல தள்ளும், குழி இருந்தா அது நிரம்பி தட்டையா நிக்கும், இல்லன்னா போண்டா மாதிரி உப்பிக்கும். தட்டினத அரை மணி நேரம் பிரிட்ஜ்ல வைங்க.

ஓடிஜிய 200 டிகிரியில வச்சு மேல் ராடு கீழ் ராடு ரெண்டும் போட்டு பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே சூடு பண்ணுங்க. சாயங்காலம் வோல்டேஜ் இறங்கற ஏரியாவா இருந்தா இன்னும் கொஞ்சம் நேரம் விடுங்க. ட்ரேல பாயில் பேப்பர் போட்டு எண்ணெய் தடவி, ஒண்ணுக்கொண்ணு இடம் விட்டு அடுக்கி, மேல லேசா வெண்ணெய் தடவி நடு தட்டுல வைங்க. திருப்பிப் போட வேணாம், கரண்டியில அமுக்கவும் வேணாம். 18 நிமிஷத்துல இருந்து 20 நிமிஷம் ஆகும், ஆனா நிமிஷத்த நம்பாதீங்க, ஒவ்வொரு ஓவனும் ஒவ்வொரு மாதிரி. குத்திப் பாக்கற டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு ஆன்லைன்ல சில நூறு ரூபாய்க்கு கிடைக்குது, அதை வாங்குங்க, இந்தப் பதிலுல ஒண்ணே ஒண்ணு தான் கேப்பேன்னா இதைக் கேளுங்க. 14வது நிமிஷத்துல இருந்து பக்கவாட்டுல இருந்து நடு வரைக்கும் குத்திப் பாருங்க, 74 காட்டினதும் எடுத்துடுங்க. சால்மொனெல்லா மாதிரி கிருமி அந்த சூட்டுல உடனே செத்துடும், அமெரிக்க விவசாயத் துறை கோழி, வான்கோழி எல்லாத்துக்கும் சொல்ற அளவும் இதே தான், 165 பாரன்ஹீட். அதுக்கு கீழயும் எடுக்காதீங்க, முழுக் கறியில கிருமி வெளிப்பக்கம் தான் இருக்கும், கைமால அது உள்ள வரைக்கும் கலந்திருக்கும், வீட்ல வயசானவங்களும் குழந்தைங்களும் சாப்பிடறாங்க.

நிறத்த பாத்து முடிவு பண்ணாதீங்க. வான்கோழி கைமா சில சமயம் நல்லா வெந்தப்புறமும் உள்ள லேசா ரோஸ் கலர்ல தான் இருக்கும், அதை பாத்து பயந்து தான் நிறைய பேரு திரும்ப உள்ள தள்ளி வறள விடறாங்க. எங்க அத்தைக்கும் முதல்ல அந்த சந்தேகம் இருந்துச்சு, மீட்டர்ல 74ன்னு கண்ணுல பாத்தப்புறம் தான் வாயில வச்சாங்க, இப்ப அவங்களே மீட்டர எடுத்துட்டு வந்து நிப்பாங்க. சீஸ் போடறதா இருந்தா கடைசி ரெண்டு நிமிஷத்துல மேல வைங்க. வெளிய எடுத்து அஞ்சு நிமிஷம் தொடாம விடுங்க, உடனே வெட்டினா சாறு தட்டுல ஓடிடும்.

தவாவுல போடலாமேன்னு கேப்பீங்க, போடலாம், நிறம் இன்னும் நல்லா வரும். ஆனா ஒரு தவாவுல ரெண்டு மூணு தான் போட முடியும், சமைக்கறவங்க அடுப்பு கிட்டயே நிக்கணும், மத்தவங்க சாப்பிட்டு முடிச்சு கை கழுவும்போது தான் அவங்களுக்கு தட்டு வரும். ஓவன்ல ஏழெட்டும் ஒரே நேரத்துல வெந்து வருது, நானும் எல்லார் கூடவும் உக்காந்து சாப்பிடறேன். எனக்கு ஓவன் பிடிச்சதே இதுக்காகத் தான்.

பன்னு பேக்கரியில இனிப்பு இல்லாததா கேட்டு வாங்குங்க, நம்ம பக்கம் சாதாரண பன்னுல சக்கரை தூக்கலா இருக்கும். ரெண்டா வெட்டி வெண்ணெய் தடவி தவாவுல வாட்டினா சாறு ஊறி நொசநொசன்னு ஆகாது. சாஸுக்கு பாட்டில் வேணாங்க, ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி விளையற ஊர்ல இருக்கோம், அரை கிலோ தக்காளிய பூண்டு, காஞ்ச மிளகா, கொஞ்சம் வெல்லம் போட்டு சுண்ட வச்சு அரைச்சா போதும். மாங்கா சீசன்ல பெங்களூரா மாங்காய மெல்லிசா சீவி உப்பு மிளகாத்தூள் பிசறி கறி மேல வைங்க, அந்த புளிப்புக்கும் இந்தக் கறிக்கும் அப்படி ஒரு பொருத்தம். எங்க மாமனார் பன்னு வேணாம்னுட்டு ராகி அடையில வச்சு சாப்பிடுவாரு, அதுவும் அருமையா இருக்கும்.

மீந்து போச்சுன்னா பிரிட்ஜ்ல மூணு நாள் வரைக்கும் வச்சுக்கலாம், சூடு பண்ணும்போது ஒரு ஸ்பூன் சூப்பு தெளிச்சு மூடி சின்னத் தீயில வைங்க. வேக வைக்காம தட்டினதையே நடுவுல பட்டர் பேப்பர் வச்சு பிரீசர்ல அடுக்கிக்கலாம், எடுக்கும்போது முதல் நாள் ராத்திரியே பிரிட்ஜ் கீழ் தட்டுக்கு மாத்திடுங்க, வெளிய வச்சு இளக விடாதீங்க. பறவைக்கு இன்னைக்கே போன் பண்ணிடுங்க, பெட்டை வேணும், தோலோட வேணும், சனிக்கிழமை வேணும்னு மூணையும் சொல்லிடுங்க.