மீன் தொட்டியில் வைக்கும் செடிகள் பத்து நாளில் அழுகிவிடுகின்றன. என்ன செடி என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பார்த்துக்கொள்வது?

இரண்டடித் தொட்டி, நான்கு செடிகள், பெயர் கேட்டதற்குக் கடையில் "வாட்டர் பிளான்ட் சார்" என்ற பதில். பத்தாம் நாள் இலையெல்லாம் கரைந்துவிட்டது, பிடுங்கிப் போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குப் பிடுங்காதீர்கள்.

நான் முதலில் செடி வாங்கியது சென்னை கொளத்தூரில். பழுப்பும் பச்சையுமாக, ஓரம் நெளிந்த இலைகளோடு ஒன்று இருந்தது. நட்ட ஒரே வாரத்தில் கஞ்சி மாதிரிக் குழைந்துபோனது. இலைகளைக் கிள்ளி எறிந்தேன். வேரைத் தோண்டினால் தண்ணீர் கலங்குமே என்ற சோம்பலில் அதை மட்டும் விட்டுவிட்டேன். ஒன்றரை மாதம் இருக்கும், அதே இடத்தில் கூழாங்கல்லுக்கு நடுவே குண்டூசித் தலை அளவுக்கு ஒரு செந்தளிர் எட்டிப் பார்த்தது. அப்புறம்தான் அது கிரிப்டோகோரைன் என்று தெரிந்துகொண்டேன். நம் கடைகளில் அதிகம் கிடைக்கும் வென்டீ வகையின் சொந்த ஊர் இலங்கை. தண்ணீரோ இடமோ மாறினால் இலையைக் கொட்டிவிட்டு வேரோடு காத்திருப்பது அதன் குணம்.

இன்னொரு காரணமும் உண்டு. பண்ணைகளில் பல செடிகளைத் தண்ணீருக்கு வெளியே, ஈரக்காற்றில்தான் வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்குள் தாங்காது. அது அழுகி, மெல்லிய புது இலை வரும். அதனால் பழைய இலையைப் பார்த்து முடிவு கட்டக் கூடாது, தளிர் வருகிறதா என்று பாருங்கள்.

அடையாளம் காண்பதைப் பொறுத்தவரை என் வழி கொஞ்சம் வேறு. பெயர் அப்புறம். செடியைக் கையில் எடுத்து, அது எங்கிருந்து வளர்கிறது என்று முதலில் பார்ப்பேன். எப்படி நடுவது என்பதை அதுவே சொல்லிவிடும்.

இஞ்சி மாதிரி ஒரு தண்டு படுத்திருந்து, அதிலிருந்து தடித்த கரும்பச்சை இலைகள் வந்தால் அனுபியாஸ். ஆப்பிரிக்க ஓடைக்கரைச் செடி. அதே மாதிரித் தண்டும், தோல்போன்ற நீள இலைகளும் இருந்தால் ஜாவா ஃபெர்ன். இரண்டையும் மண்ணில் புதைக்கவே கூடாது. புதைத்த அனுபியாஸை ஒருமுறை வெளியே எடுத்தேன். தண்டு விரலில் நசுங்கியது, சாக்கடை நாற்றம். இப்போதெல்லாம் தையல் நூலால் கல்லிலோ மரத்துண்டிலோ கட்டிவிடுகிறேன். வேர் தானே பற்றிக்கொள்ளும். ஜாவா ஃபெர்ன் இலைக்கு அடியில் வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரிந்தால் நோய் என்று பயப்படாதீர்கள், அவை வித்துப் பைகள். இலை நுனியில் குட்டிச் செடியே முளைக்கும்.

எல்லா இலையும் அடியில் ஒரே புள்ளியிலிருந்து கிளம்பினால் அமேசான் ஸ்வார்டோ, கிரிப்டோகோரைனோ, வாலிஸ்நேரியாவோ. வேர் மண்ணுக்குள், இலை கிளம்பும் இடம் மண்ணுக்கு மேலே, அவ்வளவுதான். இலை நாடா மாதிரி இருந்தால் அதன் ஓரத்தை நுனிப் பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். பொடிப் பற்கள் தட்டுப்பட்டால் வாலிஸ்நேரியா, வழுவழுவென்றால் பெரும்பாலும் சஜிட்டேரியா. பிளஸ் டூ தாவரவியலில் நீர்வழி மகரந்தச் சேர்க்கைக்குப் படம் போட்டிருப்பார்களே, அதே வாலிஸ்நேரியாதான். போர்வெல் தண்ணீர் உப்பாக இருக்கிறது என்று புலம்புபவர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். கடினநீர் அதற்குப் பிடிக்கும்.

நீளத் தண்டில் கணுவுக்குக் கணு இலை இருந்தால் வெட்டி நடும் ரகம். ஹைட்ரில்லாவைத் தொட்டால் சொரசொரவென்று இருக்கும். கபோம்பா பட்டுப்போல மெத்தென்று, விசிறி விசிறியாக இருக்கும். ஹார்ன்வொர்ட் விறைப்பான ஊசிகள். அதற்கு வேரே கிடையாது, அப்படியே மிதக்க விடுங்கள். வயல் வரப்பில் படரும் நம் நீர்ப்பிரம்மிகூட பகோப்பா என்ற பெயரில் கடையில் விற்கிறது. இந்த ரகங்களைக் கட்டாகக் கட்டி, அடியில் ஈயப் பட்டை சுற்றித் தருவார்கள். அப்படியே நட்டால் கட்டின் நடுவே வெளிச்சமும் நீரோட்டமும் போகாமல் அழுகும். பிரித்து, நசுங்கிய அடியை வெட்டிவிட்டு, ஒவ்வொரு தண்டாக விரலிடை விட்டு நடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. லக்கி பாம்பூவையும் நீர்ச்செடி என்று சொல்லி விற்கிறார்கள். எனக்கும் விற்றார்கள். அது நிலச்செடி. வேர் நீரில் இருக்கலாம், இலை வெளியே நிற்க வேண்டும். முழுக்க முக்கினால் சில மாதம் பச்சையாக நடித்துவிட்டு மஞ்சளாகிச் சாகும்.

பராமரிப்பில் நான் செய்த பெரிய தப்பு வெளிச்சம். செடிக்கு நல்லது என்று பன்னிரண்டு மணி நேரம் விளக்கெரித்தேன். வளர்ந்தது பாசிதான். இப்போது டைமர் போட்டு ஏழு மணி நேரம், ஜன்னல் வெயில் படாத இடம். ஸ்வார்ட், கிரிப்டோகோரைன் இரண்டுக்கும் வேருக்கு அருகே உர மாத்திரை புதைக்கிறேன். மற்றவற்றுக்கு வாரம் ஒருமுறை திரவ உரம், போத்தலில் போட்டிருப்பதில் பாதி அளவு. பழைய இலையில் ஊசி குத்தியது போல் ஓட்டை விழுந்தால் பெரும்பாலும் பொட்டாசியம் பற்றவில்லை. புதுத் தளிர் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச் சத்து. கோல்ட்ஃபிஷ் வளர்க்கிறீர்கள் என்றால் இந்தக் கவலையெல்லாம் வேண்டாம், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் போன்ற தடித்த இலைச் செடிகளைத் தவிர மிச்சத்தில் பெரும்பாலானதை அது மேய்ந்துவிடும்.

சரி, உங்கள் நான்கு செடிகள். கரைந்த இலைகளைக் கத்தரித்து எடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் கெடும். தண்டையும் வேர்முடிச்சையும் மெதுவாக அமுக்கிப் பாருங்கள். கெட்டியாக இருப்பதை விட்டுவையுங்கள். பிசுபிசுத்து நாறும் பகுதியை மட்டும் வெட்டி எறியுங்கள். இரண்டு மாதம் இடம் மாற்றாமல் விடுங்கள். தளிர் வந்ததும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பெயரை அப்போது சொல்கிறேன்.