டாக்டர் சீட்டுக்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள்

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஒரு குடும்பம் என்னிடம் யோசனை கேட்டு வந்திருந்தது. மகள் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வை முடித்துவிட்டாள். நல்ல தேர்ச்சிதான், ஆனால் அரசுப் பல்கலைக்கழக மருத்துவத்துக்குக் கொஞ்சம் போதாது. தனியார் கல்லூரியில் சேர்த்துவிடலாம், வீட்டை வங்கியில் வைத்தால் ஆயிற்று என்பது கிள்ளானில் இருக்கும் மாமாவின் யோசனை. பிள்ளை கேட்பதோ நுண்ணுயிரியல். "அதைப் படிச்சிட்டு மலத்தைச் சோதிச்சிக்கிட்டு இருக்கப் போறியா?" என்று அத்தை சிரித்தாராம். அம்மாவுக்குத் தூக்கமே இல்லை.

எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சுலபம். ஆனால் கணக்கைப் பாருங்கள், அம்மா. தனியார் மருத்துவப் படிப்பு 3 லட்சம் வெள்ளியைத் தாண்டும். 2016 இறுதியிலிருந்து புதிய ஹவுஸ்மேன் டாக்டர்களை, அதாவது படிப்பு முடிந்து பயிற்சியில் சேருபவர்களை, அரசு ஒப்பந்தத்தில்தான் எடுக்கிறது. 2021 ஜூலையில் அவர்களே கறுப்பு உடையில் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். அதன் பிறகு நிரந்தர இடங்கள் கூடியது உண்மை. ஆனாலும் எல்லாருக்கும் உத்தரவாதம் கிடையாது. இந்த நிலையில் வீட்டுப் பத்திரத்தை எப்படி வைப்பீர்கள்?

அத்தை சிரித்தாரே, அந்த மலத்துக்கே வருகிறேன். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜெஃப்ரி கோர்டன் என்றொரு விஞ்ஞானி இருக்கிறார். உடன்பிறந்த இரட்டையரில் ஒருவர் பருமன், மற்றவர் ஒல்லி. இருவருடைய மலத்திலிருந்து எடுத்த குடல் கிருமிகளையும் கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்குத் தனித்தனியே ஏற்றினார்கள். ஒரே தீனிதான். ஆனாலும் பருமனானவரின் கிருமிகளைப் பெற்ற எலிகளுக்குக் கொழுப்பு கூடியது. இது 2013இல் வெளியான ஆய்வு. அடுத்து அதே குழு டாக்காவில் உள்ள ஆய்வாளர்களோடு சேர்ந்து மீர்பூர் குடிசைப் பகுதியின் சவலைப் பிள்ளைகளுக்கு ஓர் உணவு தயாரித்தது. கொண்டைக்கடலை மாவு, சோயா மாவு, நிலக்கடலை, பச்சை வாழைக்காய். பசியாற்றுவதோடு நிற்காமல் குடலில் உள்ள நல்ல கிருமிகளையும் வளர்க்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த பொருள்கள். வழக்கமான சத்துணவைவிடக் கலோரி குறைவு, ஆனால் மூன்று மாதத்தில் பிள்ளைகளின் எடை அதைவிட நன்றாக ஏறியது. 2021இல் முடிவு வந்தது.

கோர்டனே டாக்டர்தானே என்பார் மாமா. ஆமாம். ஆனால் அவருடைய கூடத்தில் 2005இல் பருமனான எலிகளின் குடல் கிருமிகளை ஆராய்ந்த ரூத் லே, அதற்கு முன் மலைப்பகுதி மண்ணில் வாழும் நுண்ணுயிர்களைப் படித்தவர்.

சரி, வேலை எப்படி இருக்கும்? குடல் கிருமிகளில் பெரும்பாலானவை காற்றுப் பட்டால் செத்துவிடும். ஆக்சிஜன் இல்லாத மூடிய பெட்டிக்குள், சுவரோடு பொருத்திய நீளக் கையுறைகளில் கையை நுழைத்துத்தான் அவற்றை வளர்ப்பார்கள். மாதிரிகள் மைனஸ் 80 டிகிரி உறைபெட்டியில் கிடக்கும். வளர்க்கவே முடியாதவற்றை டிஎன்ஏவை வைத்து அடையாளம் காண்பார்கள். அப்புறம் பாதி நாள் கணினி முன்னால்தான். ஆர், பைத்தான் போன்ற கணினி நிரல் மொழிகள் தெரியாமல் இந்தத் துறையில் நகரவே முடியாது. உங்கள் மகளுக்குக் கணக்கும் உயிரியலும் இரண்டுமே பிடிக்கிறது என்றீர்களே, அது சாதாரண விஷயமில்லை. 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதிலும் இந்தியர்களாகிய நம் இனம்தான் முதலிடம். நம் சாப்பாடு நம் குடலில் என்ன செய்கிறது என்று பார்க்க நம்மவர்களும் வேண்டாமா?

இதற்காக எங்கோ தூரம் போக வேண்டும் என்று நினைக்க வேண்டாம், பினாங்கிலேயே யூஎஸ்எம் என்ற அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம், யூகேஎம், யூபிஎம் ஆகிய அரசுப் பல்கலைக்கழகங்களும் உண்டு. கட்டணம் தனியார் மருத்துவத்தின் பக்கத்தில்கூட வராது. அரசின் பிடிபிடிஎன் கல்விக் கடன் எடுத்து முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகள் பொருந்துபவர்களுக்கு அந்தக் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு கிடைக்கலாம். ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன். வெறும் இளங்கலையோடு நின்றால் தொடக்கச் சம்பளம் சுமார்தான்; ஆராய்ச்சிக்கு முதுகலை கட்டாயம். மேலே படிக்க மனமில்லை என்றால் மருத்துவமனை ஆய்வுக்கூடங்கள் இருக்கின்றன, உணவுத் தொழிற்சாலைகளின் தரக் கட்டுப்பாடு இருக்கிறது, பினாங்கின் பாயான் லெப்பாஸில் மருத்துவக் கருவி செய்யும் ஆலைகளில் கிருமிச் சோதனை இருக்கிறது.

அவள் மருத்துவம் கேட்கவில்லை. கேட்காத படிப்புக்கு வீட்டை வைப்பதற்கு நான் ஒருநாளும் சம்மதம் சொல்ல மாட்டேன். அப்பாவின் ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் பணத்தையும் தொடாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகங்களுக்கான யூபியூ விண்ணப்பத்தை மாமா நிரப்ப வேண்டாம். அவளே உட்கார்ந்து நிரப்பட்டும். அதற்கு முன் யூஎஸ்எம் உயிரியல் பள்ளிக்கு மின்னஞ்சல் போட்டு, ஆய்வுக்கூடத்தை ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.