எந்த வில்சன்? – வாசகர் கேள்வி பதில்

நான் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் பட்டியல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பது தெரிந்ததிலிருந்து, நூலாசிரியர் பெயர்ச் சிக்கல் எது வந்தாலும் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் அதை என் தலையில் கட்டிவிடுகிறார். இந்த இதழுக்கு வந்த கடிதங்கள் அத்தனையும் அந்த ரகம்தான்.

*கேள்வி: ஆய்வுக்காக ‘ஈ. பி. வில்சன்’ என்று தேடினேன். குரோமோசோம், புள்ளியியல், மூலக்கூறு அதிர்வு என்று சம்பந்தமே இல்லாத கட்டுரைகள் வந்து விழுகின்றன. ஒரே ஆள் இத்தனையும் எழுதியிருக்க முடியுமா?* (முனைவர் பட்ட மாணவி ஒருவர்)

பதில்: முடியாது அம்மா. நீங்கள் பிடித்திருப்பது மூன்று பேரை.

மூத்தவர் எட்மண்ட் பீச்சர் வில்சன் (1856–1939). கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர். உயிரணுவைப் பற்றி 1896இல் இவர் எழுதிய நூலைப் படித்து வளர்ந்த உயிரியலாளர்கள் ஏராளம். பூச்சிகளின் உயிரணுக்களை ஆராய்ந்து, ஆணா பெண்ணா என்பதற்குக் குரோமோசோமில் விடை இருக்கிறது என்று 1905இல் காட்டினார். அதே ஆண்டில், தனியாக, அதே முடிவுக்கு வந்தவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி. பலரும் அவரைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். நான் விடுவதில்லை.

இரண்டாமவர் எட்வின் பிட்வெல் வில்சன் (1879–1964). பட்டியல் போடுகிறவர்களுக்கு இவர்தான் பெரிய தலைவலி. கிப்ஸ் என்ற மாபெரும் இயற்பியலாளரின் மாணவர். ஆசிரியரின் வகுப்புகளை அடிப்படையாக வைத்து வெக்டர் கணிதத்துக்கு 1901இல் ஒரு பாடநூல் எழுதினார். அப்புறம் விமான இயக்கவியலுக்குப் போனார். அங்கேயும் நிற்கவில்லை, பொதுச் சுகாதாரப் புள்ளியியலுக்கு வந்தார். ஒரு மாதிரியில் இருந்து கிடைத்த விகிதத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கணக்கிட இன்றும் பயன்படுகிறதே ‘வில்சன் இடைவெளி’, அது 1927இல் இவர் எழுதிய கட்டுரையில் வந்தது. பொருளாதார மேதை பால் சாமுவேல்சன் இவரைத் தன் ஆசிரியர்களில் ஒருவராக மதித்தவர். அமெரிக்கத் தேசிய அறிவியல் அகாதமியின் ஆய்விதழுக்கு, அது தொடங்கிய நாளிலிருந்து தான் இறக்கும்வரை நிர்வாக ஆசிரியராக இருந்தவரும் இவரே.

மூன்றாமவர் எட்கர் பிரைட் வில்சன் (1908–1992). வேதியியலாளர். லைனஸ் பாலிங்குடன் சேர்ந்து 1935இல் குவாண்டம் இயக்கவியலுக்குப் பாடநூல் எழுதியவர். உங்கள் பட்டியலில் வரும் மூலக்கூறு அதிர்வுகள் இவருடையவை. இவர் பெரும்பாலும் ‘ஈ. பிரைட் வில்சன், ஜூனியர்’ என்றுதான் கையெழுத்திடுவார். நடுப்பெயரைச் சுருக்கி ஜூனியரையும் தூக்கிவிட்டால் மற்ற இருவரோடு கலந்துவிடுவார். சுருக்கியவர் யாரோ ஒரு பதிவாளர். அந்த ஆளுக்கு அன்றைக்கு என்ன அவசரமோ!

‘பணியிடத்தைப் பார்த்துப் பிரித்துவிடலாமே’ என்று தோன்றும். கொலம்பியாக்காரரை அப்படிப் பிரிக்கலாம். மற்ற இருவருமே ஹார்வர்டு. எட்வின் அங்கே பொதுச் சுகாதாரப் பள்ளிக்கு 1922இல் போனார், எட்கர் வேதியியல் ஆய்வுக்கு 1934இல் போனார். பத்தாண்டு காலம் ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு ஈ. பி. வில்சன்கள் சம்பளம் வாங்கியிருக்கிறார்கள்.

எனவே நீங்கள் முதலில் ஆண்டைப் பாருங்கள். 1901இல் வந்த எதையும் எட்கர் எழுதியிருக்க முடியாது, அவர் பிறக்கவே இல்லை. 1940க்குப் பிறகு வந்ததை எட்மண்ட் மேல் போடும் முன் ஒருமுறை யோசியுங்கள். அடுத்து, கூட எழுதியவர் யார் என்று பாருங்கள். இது பெரும்பாலும் கைவிடாது. அதற்கு அடுத்து, பல்கலைக்கழகத்தோடு நிற்காமல் துறை வரைக்கும் போங்கள். கட்டுரையின் பொருளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வெக்டர், விமானம், சுகாதாரம் என்று போன எட்வினைப் பொருளை வைத்துப் பிரித்தால் நான்காவதாக ஒரு வில்சன் முளைத்துவிடுவார். நூலகப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிறப்பு, இறப்பு ஆண்டுகளைப் போடுகிறோமே, வாசகருக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கவா? இந்த மாதிரி ஆட்களைப் பிரித்து வைக்கத்தான்.

*கேள்வி: வில்சன் நோய், வில்சன் தேற்றம் இரண்டும் இந்த மூவரில் யாருடையவை?*

பதில்: யாருடையவையும் இல்லை. நோய்க்குப் பெயர் தந்தவர் சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர். கல்லீரலிலும் மூளையிலும் செம்பு தேங்குவதால் வரும் அந்த நோயை 1912இல் விரிவாக விவரித்தார்.

தேற்றத்தின் கதை வேறு. ஒரு பகா எண்ணை எடுத்துக்கொண்டு, அதற்கு முந்தைய எண் வரை எல்லாவற்றையும் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், அந்தப் பகா எண்ணால் மீதியின்றி வகுபடும். ஐந்தை எடுத்தால், ஒன்று முதல் நான்கு வரை பெருக்க 24, ஒன்று கூட்ட 25. இதை 1770இல் அச்சில் ஏற்றியவர் எட்வர்ட் வாரிங். தன் மாணவர் ஜான் வில்சன் கவனித்துச் சொன்னது என்று குறிப்பிட்டார். நிரூபித்தவர் லாக்ராஞ்சு, 1771இல். வில்சன் கணிதத்தை விட்டுவிட்டுச் சட்டத்துக்குப் போய் நீதிபதியாகிவிட்டார். ஆக, தேற்றத்தில் பெயர் இருக்கிறது, தேற்றத்தை எழுதியவர் பட்டியலில் ஆளே இல்லை.

தேடுபொறியில் வெறுமனே ‘வில்சன்’ என்று போட்டால் நோய், தேற்றம், எழுதியவர் எல்லாம் ஒரே குவியலாக வருவது இதனால்தான். ‘ஆசிரியர்’ என்ற புலத்தில் மட்டும் தேடச் சொல்லுங்கள், பாதிக் குப்பை தானாகவே போய்விடும்.

*கேள்வி: ராபர்ட் வில்சனுக்கு நோபல் பரிசு இரண்டு முறை கிடைத்ததாக என் மகன் சாதிக்கிறான். உண்மையா?*

பதில்: இரண்டு முறை கிடைத்தது, இரண்டு பேருக்கு. ராபர்ட் வுட்ரோ வில்சன் 1978இல் இயற்பியலுக்கு வாங்கினார். ஆர்னோ பென்சியாசுடன் சேர்ந்து, பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டுபிடித்ததற்காக. ராபர்ட் பட்லர் வில்சன் 2020இல் பொருளாதாரத்துக்கு வாங்கினார், ஏலக் கோட்பாட்டுக்காக, பால் மில்குரோமுடன். போதாததற்கு ஃபெர்மி ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ராபர்ட் ராத்பன் வில்சன். அவரும் இயற்பியலாளர்தான். ‘வில்சன், ஆர்.’ என்று மட்டும் பதிவாகியிருந்தால் மகனைக் குறை சொல்ல முடியாது.

இன்னொரு வில்சனும் நோபல் வாங்கியிருக்கிறார்: கென்னத், 1982, இயற்பியல். முதல் பதிலில் பார்த்த எட்கர் பிரைட் வில்சனின் மகன். அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் மேகப் பெட்டியைக் கண்டுபிடித்து 1927இல் பரிசு வாங்கிய சார்லஸ் தாம்சன் ரீஸ் வில்சனை இந்தக் குடும்பத்தில் சேர்த்துவிடாதீர்கள். அவர் பெயருக்குள்ளேயே ஒரு தாம்சன் வேறு இருக்கிறார். அவர் வேலை பார்த்த ஆய்வகத்தின் தலைவரும் ஒரு தாம்சன், எலக்ட்ரானைக் கண்டுபிடித்தவர். எனக்குத் தெரிந்து அந்தக் காலத்து ஆய்வுலகம் நம்மைக் குழப்புவதற்கென்றே பெயர் வைத்துக்கொண்டது.

*கேள்வி: அப்படியானால் துறை மாறினாலே வேறு ஆள் என்று எடுத்துக்கொள்ளலாமா?*

பதில்: கூடவே கூடாது. தாமஸ் யங்கைப் பாருங்கள் (1773–1829). தொழிலால் மருத்துவர். ஒரு பொருள் இழுத்தால் எவ்வளவு நீளும் என்பதற்குப் பொறியியல் மாணவர்கள் படிக்கும் யங் குணகம் அவருடையது. ஒளி அலையாகப் பரவுகிறது என்பதற்கு ஆதாரம் காட்டியவர் அவரே. கண் மூன்று அடிப்படை நிறங்களை வைத்தே எல்லா நிறங்களையும் உணர்கிறது என்று சொன்னவரும் அவர்தான். எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கும் முயற்சியிலும் இறங்கி, ஷாம்போலியன் என்ற பிரெஞ்சு அறிஞருடன் போட்டியிட்டார். இது எல்லாம் ஒரே ஆள். பட்டியலைப் பார்த்தால் நான்கு பேர் என்று சத்தியம் செய்யத் தோன்றும்.

சரி, யங் என்றாலே தாமஸ்தான் என்று வைத்துக்கொள்ளலாமா என்றால் அதுவும் இல்லை. கணிதத்தில் வரும் யங் அட்டவணைகள் ஆல்ஃபிரட் யங்குடையவை. அவர் பின்னாளில் கிராமப்புறத் தேவாலயத்தில் பாதிரியாராக இருந்துகொண்டே கணிதம் எழுதியவர். அதே கணிதத்தில் யங் சமனின்மை வில்லியம் ஹென்றி யங்குடையது. யங் அளவைகள் அவர் மகன் லாரன்சுடையவை.

வில்லியமைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அவர் மனைவி கிரேஸ் சிஸம் யங், கோட்டிங்கனில் 1895இல் முனைவர் பட்டம் பெற்ற கணிதவியலாளர். கணவர் பெயரில் வந்த பல கட்டுரைகளில் அவருடைய உழைப்பும் இருந்தது. இருவர் பெயரிலும் வெளிவர வேண்டியவைதான் என்று வில்லியமே மனைவிக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார், ஆனால் அப்படிப் போட்டால் இருவருக்குமே பலன் இருக்காது என்றும் சேர்த்து எழுதினார். ஒரு பெயரை மூன்று பேராகப் பிரிக்க எனக்குத் தெரியும். ஒரு பெயருக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது ஆளை எந்தப் பட்டியல்காரனும் வெளியே எடுக்க முடியாது.

*கேள்வி: சீன ஆய்வாளர்கள் எல்லோரும் வாங், லி, ஜாங் என்றே இருக்கிறார்களே?*

பதில்: சீன எழுத்தில் வேறு வேறாக இருக்கும் பெயர்கள் ரோமன் எழுத்துக்கு வரும்போது ஒன்றாகிவிடுகின்றன. வாங் என்று வரும் குடும்பப் பெயரே ஒன்றுக்கு மேல் உண்டு. தொனியும் எழுத்தும் வேறு. முதல் பெயரையும் ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால் என்ன மிஞ்சும்? அமெரிக்க இயற்பியல் கழகத்தின் ஆய்விதழ்கள் இதற்காகவே, ரோமன் எழுத்துப் பெயருக்குப் பக்கத்தில் சொந்த எழுத்திலும் பெயரைப் போட அனுமதித்தன. நல்ல முடிவு. மற்றவர்களும் செய்திருக்கலாம்.

*கேள்வி: முதல் கட்டுரையை அனுப்பப் போகிறேன். என் குடும்பப் பெயர் மிகப் பரவலானது. எப்படிக் கையெழுத்திடுவது?*

பதில்: முழுப் பெயரோடு. நடுப்பெயர் இருந்தால் அதையும் சேர்த்து. முதல் கட்டுரையில் எப்படிப் போடுகிறீர்களோ அதையே தொடருங்கள். ஒரு கட்டுரையில் ஓர் எழுத்து, அடுத்ததில் இரண்டு, மூன்றாவதில் முழுப் பெயர் என்று போனால், மேற்கோள் கணக்குப் போடும் இயந்திரத்துக்கு நீங்கள் மூன்று பேர். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆசிரியர்களின் முழுப் பெயரைத் தேடும் வசதி 2002 முதல் வந்த கட்டுரைகளுக்குத்தான். பழையவற்றில் குடும்பப் பெயரும் தலைப்பெழுத்துகளும் மட்டுமே.

கூடவே ஆர்கிட் எண் ஒன்று வாங்கிவிடுங்கள். ஆய்வாளருக்கு ஆளுக்கொன்றாகத் தரும் அடையாள எண் அது, இலவசம். 2012 அக்டோபரிலிருந்து இருக்கிறது. பதினாறு இடங்கள் கொண்டது. கடைசி இடம் சரிபார்ப்புக்கானது, அங்கே சில சமயம் ‘எக்ஸ்’ என்ற எழுத்து வரும், பிழை என்று பயப்படாதீர்கள். பெயர் மாறினாலும், வேலை மாறினாலும், அதே பெயரில் பத்துப் பேர் வந்தாலும் எண் மாறாது. ஒன்று மட்டும்: எண்ணை வாங்கிவிட்டுக் கட்டுரைகளை அதோடு இணைக்காமல் விடுகிறவர்கள் நிறையப் பேர். காலியாகக் கிடக்கும் எண்ணால் யாருக்கும் பயனில்லை. கூகுள் ஸ்காலரில் பக்கம் தொடங்கினால், அது உங்களுடையவை என்று நீட்டும் கட்டுரைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். ஊரார் கட்டுரையை வைத்து வரும் பெருமை, நேர்காணலில் சங்கடமாக முடியும்.

*கேள்வி: ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினால் என்ன ஆகும்?*

பதில்: எழுதியே விட்டார்கள். குட்மன் என்ற குடும்பப் பெயர் கொண்ட பொருளாதார ஆய்வாளர்கள் நால்வர், ஒரே குடும்பப் பெயரோடு சேர்ந்து எழுதும் பொருளாதாரவாதிகளைப் பற்றியே 2015இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வேடிக்கைக்காகச் செய்ததுதான், ஆனால் முறையான ஆய்விதழில் வந்தது. மற்ற கூட்டுக் கட்டுரைகளில் முதல் பெயரைத் தவிர மற்றவர்கள் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் காணாமல் போவார்கள். இதில் ‘குட்மன் மற்றும் பலர்’ என்று போட்டாலும் அந்தப் பலரும் குட்மன்தான்.